டீசல் பஸ்ஸைக் கொடுத்து மின் பஸ் வாங்குவது எப்படி? அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கான மானிய வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மஞ்சள் பஸ்கள் ஏறத்தாழ 4,80,000 இருக்கின்றன. பெரும்பாலானவை டீசலில்தான் ஓடுகின்றன. 2021 நவம்பரில் கையெழுத்தான உட்கட்டமைப்புச் சட்டம், இவற்றை மாற்றுவதற்கென்று ஐந்து நிதியாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதி மின் பஸ்களுக்கு மட்டும். மறுபாதியில் புரோபேன், சிஎன்ஜி பஸ்களுக்கும் இடம் உண்டு. பணத்தைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடையது.

பள்ளி வாரியத்திலோ பெற்றோர் சங்கத்திலோ இருந்துகொண்டு, "நம் மாவட்டத்துக்கும் இது கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம். இங்கே வரும் தொகைகளும் நிபந்தனைகளும் 2022இல் நடந்த முதல் சுற்றுக்கு உரியவை. சுற்றுக்குச் சுற்று விதி மாறும். விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தச் சுற்றின் அறிவிப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஷெட்டில் நிற்கும் பஸ்களை எண்ணுங்கள்

பலரும் புது பஸ்ஸின் விளம்பரக் கையேட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதை ஓரமாக வையுங்கள். பழைய டீசல் பஸ் ஒன்றைச் சாலையிலிருந்து அகற்றுவதற்குக் கிடைக்கும் பணம் இது. அகற்றத் தகுந்த பஸ் உங்களிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

முதல் தகுதி, 2010 மாடல் அல்லது அதற்கு முந்தைய டீசல் பஸ்ஸாக இருக்க வேண்டும். அந்த ஆண்டை ஒட்டி முழுமையாக அமலுக்கு வந்த எஞ்சின் விதிகள் நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்றத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. அதனால்தான் அங்கே கோடு கிழித்தார்கள். பஸ்ஸின் மொத்த எடைத்திறன் (சுமையோடு சேர்ந்த அதிகபட்ச எடை) 10,001 பவுண்டாவது இருக்க வேண்டும். ஓடும் நிலையில் இருப்பதோடு, வாரத்துக்குச் சராசரியாக மூன்று நாளாவது பிள்ளைகளை ஏற்றியிருக்கவும் வேண்டும். டயர் இறங்கி, புல் முளைத்து மூலையில் கிடக்கும் பஸ் கணக்கில் வராது. இத்தகைய பழைய டீசல் பஸ் ஒன்றுகூட இல்லாத மாவட்டம் மட்டும், மின் பஸ் கேட்பதாக இருந்தால், 2010க்குப் பிந்தைய டீசல் பஸ்ஸையோ வேறு எரிபொருள் பஸ்ஸையோ காட்டலாம்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாகன அடையாள எண், மாடல் ஆண்டு, எரிபொருள், ஓடிய தூரம், உரிமைப் பத்திரம் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். பஸ்களை ஒப்பந்ததாரர் ஓட்டுகிறார் என்றால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள்.

படி 2: அரசுப் பதிவு

அரசு நிதி பெறுபவர்கள் பதிந்துகொள்ளும் கூட்டாட்சி அரசின் 'சாம்' (SAM.gov) தளத்தில் மாவட்டத்தின் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். பதிவின்போது 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு கிடைக்கும். இது முற்றிலும் இலவசம். பதிந்து தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களைக் குப்பையில் போடுங்கள்.

முதல் சுற்றில், அந்தப் பதிவில் தொடர்பாளராகப் பெயர் உள்ளவர்தான் விண்ணப்பப் படிவத்தைத் திறக்க முடிந்தது. வேலையை விட்டுப் போன கணக்கரின் பெயரே அங்கே இருந்தால், கடைசி வாரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

படி 3: எந்த எரிபொருள்?

முன்னுரிமை பெற்ற மாவட்டத்துக்கு, அதாவது வறுமை மிகுந்த, தொலைதூரக் கிராமப்புற, பழங்குடி மாவட்டங்களுக்கு, பெரிய மின் பஸ் ஒன்றுக்கு அதிகபட்சம் 3,75,000 டாலர் தந்தார்கள். சார்ஜர் வசதிக்குத் தனியே பஸ்ஸுக்கு 20,000. சிஎன்ஜி பஸ்ஸுக்கு 45,000, புரோபேன் பஸ்ஸுக்கு 30,000. மற்ற மாவட்டங்களுக்கு மின் பஸ்ஸுக்கு 2,50,000 டாலரும் சார்ஜருக்கு 13,000 டாலரும்தான்.

தொகையைப் பார்த்தால் மின் பஸ் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் உங்கள் மிக நீண்ட வழித்தடத்தையும், மிகக் குளிரான காலை நேரத்தையும் வைத்து முடிவெடுங்கள். குளிரில் பேட்டரியின் தூரம் சுருங்கும். மலைப்பாதையும் நீண்ட தடமும் உள்ள மாவட்டம் புரோபேனுக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படி 4: மின் நிறுவனத்திடம் பேசுங்கள்

விண்ணப்பத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பலர் பின்னால் செய்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 19 கிலோவாட் சார்ஜர் 155 கிலோவாட்-மணி பேட்டரியை நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஓர் இரவு போதும், நல்லது. ஆனால் பத்து பஸ்களை மாலையில் ஒரே நேரத்தில் செருகினால் 190 கிலோவாட் சுமை. இருக்கும் மின்மாற்றி தாங்குமா? தாங்காவிட்டால் புதியதுக்கு எத்தனை மாதம்? பஸ்களை முறை வைத்துச் சார்ஜ் செய்தால் சுமையும், அதிகபட்ச சுமையை வைத்துப் போடும் உச்சத் தேவைக் கட்டணமும் எவ்வளவு குறையும்? இவற்றுக்குப் பதில்களை எழுத்தில் வாங்குங்கள். மின் இணைப்புத் தாமதமே திட்டத்தைப் பாதிக்கலாம் என்று முகமையின் தணிக்கைப் பிரிவே 2023 டிசம்பரில் எச்சரித்தது.

படி 5: விண்ணப்பமும் குலுக்கலும்

இந்தப் பணம் இரண்டு வகையில் கிடைக்கும். மானியம் என்ற வகையில் திட்ட அறிக்கை எழுதிப் போட்டியிட வேண்டும். ரிபேட் (பஸ்ஸுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை) என்ற வகையில் படிவம் எளிது. தேர்வு குலுக்கல் முறையில். தொடங்குபவர்களுக்கு ரிபேட்டையே சொல்வேன். 2022இல் ஏறத்தாழ 2,000 விண்ணப்பங்கள் வந்தன. கேட்ட தொகை கிட்டத்தட்ட 400 கோடி டாலர், இருந்ததோ 100 கோடிக்குள். ஆகவே கிடைக்காவிட்டால் மாநிலத் திட்டங்களைப் பாருங்கள். நியூயார்க் 2022இல் வாக்காளர் ஒப்புதலோடு மின் பஸ்களுக்கென 50 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரே பஸ்ஸுக்கு வேறு கூட்டாட்சி நிதியைச் சேர்க்கக் கூடாது. பழைய கட்டுரைகள் சொல்லும் 40,000 டாலர் வரிச்சலுகையை நம்பி வரவுசெலவு போடாதீர்கள்; 2025 செப்டம்பர் 30க்குப் பின் வாங்கும் வாகனங்களுக்கு அது கிடையாது.

படி 6: தேர்வான பிறகு

தேர்வுக் கடிதம் வரும்வரை பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கொடுத்த ஆர்டருக்குப் பணம் இல்லை. கடிதம் வந்ததும் கொள்முதல் ஆணையைச் சமர்ப்பித்துத் தொகையைப் பெறலாம்.

பழைய பஸ்ஸைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எஞ்சின் பிளாக்கில் மூன்றங்குலத்துக்கு மூன்றங்குலம் துளை போட வேண்டும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே சேஸியின் இரு பக்கச் சட்டங்களையும் முழுதாக அறுக்க வேண்டும். அடையாள எண், துளை, அறுத்த சட்டம் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் கோப்பு மூடப்படும்.

புது பஸ் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அது அந்த மாவட்டத்துக்கு ஓட வேண்டும். ஒப்பந்ததாரர் வழியாக வாங்கியிருந்தால், இடையில் அவர் மாறும்போது பஸ் யாரிடம் இருக்கும், சார்ஜர் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.