கடிக்கும் வளர்ப்புப் பாம்பைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

வீட்டில் வளரும் பாம்பு பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான் கடிக்கிறது. கையை இரையென்று எண்ணிக் கடிப்பது ஒன்று. அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ளக் கடிப்பது மற்றொன்று. பல் பட்ட வலி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், தவிர்க்கும் வழி ஒன்றல்ல. பசியால் பாய்கிற பாம்பிடம் அடிக்கடி வெறுங்கையை நீட்டிப் பழக்க முயல்வதும், அஞ்சி ஒடுங்கும் பாம்பை நாள்தோறும் மறைவிடத்திலிருந்து வெளியே இழுப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஆகவே, தூக்குவதற்கு முன் அது எதனால் கடிக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

இங்கே கூறப்படுபவை, பால் பைத்தான் (ball python எனப்படும் சிறிய மலைப்பாம்பு வகை), கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக், போவா போன்ற நஞ்சற்ற பாம்புகளுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை வளர்ப்பவர் முன்னரே உறுதிசெய்திருக்க வேண்டும். நஞ்சுள்ள பாம்பை வெறுங்கையால் தூக்குவதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது.

பசிக் கடியை இனங்காண்பது எளிது. பெட்டியின் மூடி திறந்தவுடன் பாம்பு தலையை உயர்த்தி, நாக்கை விரைவாக நீட்டி நீட்டி இழுத்தபடி, கை இருக்கும் திசையை நோக்கி முன்னேறி வரும். சீறல் இராது. பாய்ந்து கவ்வியதும் விடாமல் பிடித்துக்கொண்டு உடலால் கையைச் சுற்றும். அச்சக் கடி இதற்கு நேர்மாறானது. பாம்பு கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்து மடித்து வைத்துக்கொள்ளும், சீறும், சில வகைகள் வால் நுனியைப் படபடவென அடிக்கும், சில துர்நாற்றமுள்ள திரவத்தைப் பீய்ச்சும். கடித்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் விட்டுவிட்டுப் பின்வாங்கும். சில வேளைகளில் வாயைத் திறக்காமலேயே மூக்கால் முட்டிப் பயமுறுத்துவதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பாம்பு வஞ்சம் வைத்துக் கடிக்கும் என்ற எண்ணத்தை வளர்ப்பவர் முற்றாக விட்டுவிட வேண்டும்; நேற்று நடந்ததற்கு அது இன்று பழிதீர்ப்பதில்லை.

சில நாட்களில் பாம்பைத் தொடாமல் இருப்பதே சரியான கையாளும் முறை. இரை விழுங்கிய பின் குறைந்தது 48 மணி நேரம் தூக்கக் கூடாது. இரை பெரிதாக இருந்தால் வயிற்றுப் புடைப்பு மறையும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தூக்கினால் இரையைக் கக்கிவிடக்கூடும், அது பாம்பின் உடல்நலத்துக்குப் பெரும் கேடு. சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது கண்கள் நீலம் கலந்த வெண்மையாக மங்கி, உடல் நிறமும் பொலிவிழக்கும். அப்போது பார்வை சரியாகத் தெரியாததால், மற்ற நாட்களில் சாதுவாக இருக்கும் பாம்புகூட அருகில் வரும் அசைவைக் கண்டு கடிக்கும். புதிதாக வந்த பாம்பை முதல் ஒரு வாரமாவது தனியே விட்டு, இடத்துக்குப் பழகித் தானாக இரை எடுக்கத் தொடங்கிய பின்னரே கையில் எடுக்க வேண்டும்.

பசிக் கடியைத் தவிர்ப்பதில் முதலிடம் கையின் மணத்துக்கு உரியது. எலி, முயல், பறவை ஆகியவற்றைத் தொட்ட கையோடு பெட்டியைத் திறந்தால், பாம்புக்கு அந்தக் கை இரையாகவே தெரியும். எனவே தூக்குவதற்கு முன் மணமில்லாத சோப்பால் முழங்கைவரை கழுவுவது நல்லது. கழுவினாலும் கையின் வெப்பம் போகாது. பெரும்பாலான மலைப்பாம்புகளின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. இருட்டில் மெல்ல நெருங்கும் வெதுவெதுப்பான கை, அவற்றுக்கு எலியிலிருந்து வேறுபட்டுத் தோன்றுவதில்லை. இங்கேதான் கொக்கி, அதாவது பாம்பைக் கையாள உதவும் முனை வளைந்த நீண்ட கம்பி, பயன்படுகிறது. மூடியைத் திறந்தபின், பாம்பின் உடல் நடுப்பகுதியைக் கொக்கியின் வளைவால் மென்மையாக ஓரிரு முறை தடவிவிட வேண்டும். இரைக்குக் காத்திருந்த பாம்பாக இருந்தால், உயர்ந்து நின்ற தலை தாழ்வதும், விறைத்திருந்த கழுத்து தளர்வதும், நாக்கு நிதானமாக வெளியே வந்து காற்றை வருடுவதும் தெரியும். அந்தத் தளர்ச்சியைக் கண்ட பிறகே கையை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைத் தவறாமல் செய்துவந்தால், கொக்கி பட்டால் இரை கிடையாது என்பது பாம்புக்குப் பழகிவிடும். தனிக் கொக்கி இல்லாதவர்கள் சுருட்டிய காகிதத்தைக்கூடப் பயன்படுத்தலாம்.

இரையை ஒருபோதும் கையால் நீட்டக் கூடாது. 30 சென்டிமீட்டராவது நீளமுள்ள இடுக்கியால்தான் நீட்ட வேண்டும். பெட்டிக்குள்ளேயே இரை கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகும் என்று கூறி, பலர் பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றி இரை கொடுக்கின்றனர். இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. இரையின் மணம் அறிந்து பரபரக்கும் பாம்பைக் கையில் தூக்கிச் சென்று, உண்டபின் மீண்டும் தூக்கி வருவது, கடிபட வாய்ப்புள்ள இரண்டு தருணங்களை நாமே உண்டாக்குவதாகும்.

தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுவர வேண்டும். பாம்பை வேட்டையாடும் பறவைகள் மேலிருந்து பாய்பவை என்பதால், தலைக்கு மேல் விழும் நிழல் அதனை உடனே தற்காப்புக்குத் தள்ளும். நீட்டிய கையைத் தயங்கிப் பின்னிழுத்து மறுபடி நீட்டுவது, திடீரென்று பற்றுவதைப் போலவே தீங்கானது. நிதானமாக, இடையில் நிறுத்தாமல் கையைக் கொண்டுசென்று, உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்குவதும் தலையை அழுத்திப் பிடிப்பதும் கூடாது. தூக்கிய பின் இரு கைகளாலும் உடல் எடையைத் தாங்கி, அது நகரும் திசையில் கைகளை மாற்றி மாற்றி வைத்து வழிவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அது விடுபடத் திமிறும், திமிறும் பாம்பு கடிக்கும். கடிக்கும் வழக்கமுள்ள பாம்பை முகத்தருகே கொண்டுவரவே கூடாது. கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வது புகைப்படத்துக்கு அழகாக இருக்கலாம்; ஆனால் பெரிதாக வளர்ந்த போவா, மலைப்பாம்பு வகைகளில் அது உயிராபத்தாகலாம். 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பாம்பைத் தூக்கும்போது வலுவுள்ள மற்றொருவர் உடனிருக்க வேண்டும்.

அஞ்சிக் கடிக்கும் பாம்புக்குக் குறுகிய நேரப் பழக்கமே ஏற்றது. தொடக்கத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் போதும். அது அமைதியாக இருக்கும்போதே திரும்ப உள்ளே விட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் உடலை ஒட்டி நுழையக்கூடிய மறைவிடங்கள், வெப்பமான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக, இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒளிய இடமில்லாத பாம்பு ஓயாத அச்சத்திலேயே இருக்கும். கையுறை அணியலாமா என்றால், கடியை நினைத்துக் கை நடுங்குபவர்கள் தொடக்கத்தில் அணியலாம். மிகத் தடித்த தோல் கையுறையில், பாம்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடித்துவிட்டால், கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அந்தப் பற்கள் தொண்டையை நோக்கிப் பின்னால் வளைந்தவை. இழுத்தால் ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள் கிழிசலாகும், பாம்பின் பற்களும் ஒடிந்து தோலுக்குள் தங்கும். அச்சக் கடியானால் அதற்குள் அதுவே விட்டிருக்கும். கவ்விக்கொண்டிருந்தால் கையையும் பாம்பின் உடலையும் அசையாமல் தாங்கிச் சில கணங்கள் பொறுக்க வேண்டும். பிறகும் விடாவிட்டால், குளிர்ந்த குழாய் நீரை அதன் தலைமேல் மெல்லிய தாரையாக விடலாம். அதற்கும் அசையாவிட்டால், மதுசாரம் கலந்த கைச்சுத்திகரிப்பானை மிகச் சிறிதளவு வாயோரத்தில் தடவலாம். அது வாயின் உட்புறத்தை எரிக்கும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். உடலைச் சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் அது மேலும் இறுக்கும். பற்களை விடுவிக்கும்போது தலையை முதலில் கடித்த திசையிலேயே சற்று முன்னே தள்ளிப் பிறகு மேலே தூக்க வேண்டும்.

காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்திய பின் கிருமிநாசினி இட வேண்டும். கண்ணருகே அல்லது விரல் மூட்டில் பட்ட கடி, ஆழமான கிழிசல், உள்ளே தங்கிய பல், நாளாக ஆகப் பரவும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் அதையும் அவரிடம் கூறுவது அவசியம். கடிக்காவிட்டாலும் பாம்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும். பாம்புகளிடம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பாம்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நெடுநாள் சாதுவாக இருந்த பாம்பு திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், பழக்கத்தைக் குறை கூறுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். செதில்களுக்கிடையில் உண்ணிகள், வாயில் புண் அல்லது சீழ், மூச்சில் கீச்சொலி, உரியாமல் ஒட்டிய சட்டை, அளவுக்கு மீறிச் சூடான பெட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். வெப்பமானியால் பெட்டியின் இரு பக்கங்களையும் அளந்த பின்னும் காரணம் புலப்படாவிட்டால், ஊர்வனவற்றைக் கவனிக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் எக்காலத்திலும் கைக்குப் பழகாத பாம்புகளும் உண்டு. அவற்றைக் கையில் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவை மறைவிடத்துக்குள் இருக்கும்போது அதன் வாயிலை அடைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றலாம். பெட்டி முழுவதையும் துப்புரவு செய்யும் நாளில் மட்டும், நீண்ட கொக்கியால் உடலை ஏந்தி, காற்றோட்டமுள்ள மூடியுடைய வேறொரு பெட்டிக்கு மாற்றி, மூடியைப் பூட்டிய பிறகு வேலையைத் தொடங்கலாம்.