பேரலல் போர்ட் பிரிண்டர் லினக்ஸ்ல மக்கர் பண்ணுதா? டிரைவர்ல கை வைக்காதீங்க

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகள்லயும் லாரி ஆபீஸ்லயும் கார்பன் பில்லுக்கு இன்னும் டாட் மேட்ரிக்ஸ் தான், பழைய லினக்ஸ் மெஷின்ல பேரலல் கேபிள் சொருகி ஓட்டுறாங்க, திடீர்னு பில் வரலன்னா உடனே கப்ஸ்க்குள்ள (CUPS, லினக்ஸ்ல பிரிண்ட் வேலையைப் பாக்குற சாஃப்ட்வேர்) போய் டிரைவரை மாத்தி மாத்திப் போடுறாங்க. தயவுசெஞ்சு அது வேணாம், கீழ இருந்து மேல வாங்க, அதாவது முதல்ல கேபிள், கடைசியா கப்ஸ்.

மெஷின், பிரிண்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு கேபிளைக் கழட்டி மாட்டுங்க, ஓடும்போது புடுங்குனா போர்ட்டே போயிரும். பிரிண்டர் பக்கம் 36 பின் கனெக்டர்ல ரெண்டு கிளிப்பும் விழுந்திருக்கணும். அடுத்து பயாஸ்ல போர்ட் எனேபிள் ஆகியிருக்கா, அட்ரஸ் 378, ஐஆர்க்யூ (போர்ட் சிபியூவைக் கூப்பிடுற லைன் நம்பர்) 7 தானான்னு பாருங்க. போர்ட் மோட் இசிபில (ECP, வேகமான மோட்) இருந்து குப்பை குப்பையா எழுத்து வந்தா எஸ்பிபிக்கு (SPP, பழைய சாதா மோட்) மாத்திப் பாருங்க.

இப்ப டெர்மினல். மோட்ப்ரோப் (modprobe) வச்சு பார்போர்ட்_பிசி (parport_pc), எல்பி (lp) ரெண்டு கெர்னல் மாட்யூலையும் லோட் பண்ணி கெர்னல் மெசேஜைக் காட்டுற டிமெசேஜ் (dmesg) பாருங்க, எல்பி0 (lp0, லினக்ஸ் பிரிண்டர் போர்ட்டுக்கு வைக்கிற பேரு) எந்த பார்போர்ட்ல உக்காந்திருக்குன்னு ஒரு வரி வரணும். அந்த வரி வரலன்னா மேல எதைத் தொட்டும் பிரயோஜனம் இல்ல. யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள்னா இந்த மாட்யூல் கதையே கிடையாது, அது /டெவ்/யூஎஸ்பி/எல்பி0ன்னு வரும்.

வரி வந்துருச்சா, கப்ஸை நிறுத்திட்டு எக்கோல ஒரு வார்த்தையை /டெவ்/எல்பி0க்கு நேரா அனுப்புங்க. இதான் முக்கியமான டெஸ்ட். எக்கோ முன்னாடி சூடோ போட்டாலும் பெர்மிஷன் டினைட் தான் வரும், ஏன்னா ஃபைலைத் திறக்குறது உங்க ஷெல், அதனால பைப் போட்டு சூடோ டீ (sudo tee) வழியா அனுப்புங்க. ஹெட் நகர்ந்து எழுத்து விழுந்தா கேபிள், போர்ட், கெர்னல் எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு வரியும் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் தள்ளித் தள்ளிப் போனா, யுனிக்ஸ் வெறும் லைன் ஃபீட் மட்டும் அனுப்புது, பிரிண்டர் கேரேஜ் ரிட்டர்னும் கேக்குது, ஃபைலை யுனிக்ஸ்டுடாஸ்ல (unix2dos) போட்டு அனுப்புங்க சரியாயிரும்.

அதுக்கப்புறம் தான் கப்ஸ். அதை மறுபடி ஸ்டார்ட் பண்ணி எல்பிஇன்ஃபோ -வி (lpinfo -v) குடுத்தா பேரலல்னு ஒரு வரி தெரியணும், தெரியலன்னா கப்ஸ்-ஃபில்டர்ஸ் பேக்கேஜ் இருக்கான்னு பாருங்க, 1.6 வெர்ஷன்ல இருந்து பேரலல் பேக்எண்ட் (போர்ட்டுக்கு டேட்டா அனுப்புற புரோகிராம்) கப்ஸ் கூட வர்றதில்ல. கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் பிரிண்ட் க்யூ பாஸ்ல (pause) நின்னுருக்கும், இதைப் பல பேர் பாக்கறதே இல்ல, கப்ஸ்எனேபிள் (cupsenable) போட்டு பிரிண்டர் பேரைக் குடுத்தா போதும்.

லினக்ஸ் இல்லாம ஃப்ரீபிஎஸ்டின்னா (அதுவும் யுனிக்ஸ் வகை சிஸ்டம்தான்) போர்ட் பேரு எல்பிடி0 (lpt0), பிரிண்ட் ஆமை வேகத்துல வந்தா எல்பிடிகன்ட்ரோல் -பி (lptcontrol -p) குடுத்து போலிங் மோடுக்கு (ஐஆர்க்யூவுக்குக் காத்திருக்காம மெஷினே போர்ட்டைப் பாத்துக்கிட்டே இருக்குறது) மாத்துங்க.