கொல்லிமலைப் பல்லிக்கு பார்கோடு எடுத்த அனுபவம்

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் உள்ள மெலிந்த சிறுபல்லிகள் பார்வைக்கு ஒரே மாதிரிதான். வனத்துறை அனுமதியோடு வால் நுனி எடுத்து, இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பார்கோடாகப் பயன்படும் சிஓஐ மரபணுவுக்கு பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) ஓட்டினேன். நகல் வந்ததா என்று பார்க்கும் ஜெல்லில் பட்டையே விழவில்லை.

டிஎன்ஏ சுத்தமாகவே இருந்தது, சிக்கல் பிரைமரில், அதாவது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டில். நான் போட்டிருந்த, 1994இல் வந்த பொதுப் பிரைமர் முதுகெலும்பற்ற உயிர்களுக்காக வடிவமைத்தது. அது ஒட்டவேண்டிய இடத்தில் ஊர்வனவற்றுக்கு டிஎன்ஏ எழுத்துகள் மாறியிருக்கும், சரியாகப் பிடிக்காது. ஊர்வனவற்றுக்கென்றே உள்ள பிரைமரைப் போட்டு, அனீலிங் (பிரைமர் ஒட்டும் கட்டம்) வெப்பத்தையும் கொஞ்சம் குறைத்ததும் 650 எழுத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று பட்டை! கூடவே இன ஒப்பீட்டுக்கு உதவும் 16எஸ் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் எடுத்துவிடுங்கள்.

2019இல் கொல்லிமலைப் பல்லியை ஹெமிபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ் என்று தனி இனமாகப் பிரித்தபோது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோடு உடலமைப்பையும் பார்த்தார்கள். ஆகவே விரலடித் தகடுகளை லென்ஸில் எண்ணாமல் விடாதீர்கள்.