ஹார்ட் டிஸ்க் திணறினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டர். கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலே உறைந்து நிற்கும். டிஸ்க் போச்சு என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் பார்த்தேன். டிஸ்க் தானே எண்ணி வைக்கும் கோளாறுகளை அது எண் போட்டு வரிசையாகக் காட்டும். கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியம்; டேட்டா வழியில் வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. (அந்தத் திரையில் 197 என்பது சி5 என்றும், 198 சி6 என்றும், 199 சி7 என்றும் காட்டும்.) 199 ஏறினால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்குக்குள் டேட்டா பதியும் தட்டில் இல்லை, டேட்டா போகிற வழியில். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி வேறு போர்ட்டில் செருகினேன், சரியாகிவிட்டது. பழைய எண்ணிக்கை குறையாது. மேலே ஏறாமல் நின்றால் போதும்.

197 ஏறினால் கதை வேறு. படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு துண்டுகள்) சேர்கின்றன என்று அர்த்தம். உடனே விண்டோஸின் டிஸ்க் ரிப்பேர் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது சாகக்கிடக்கும் டிஸ்க்கிலேயே எழுதும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ புரோகிராமால் அதே அளவோ பெரிதோ உள்ள இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். எது மூலம், எது நகல் என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். மாறினால் எல்லாம் காலி. முதல் சுற்றில் அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டவிட்டு, மறுமுயற்சியைக் கடைசியில் வையுங்கள். எதுவரை நகலெடுத்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் ஃபைல் தனி பென்டிரைவில் இருந்தால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரிப்பேரெல்லாம் நகலில்தான்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் எதுவும் முயல வேண்டாம், பவரை நிறுத்துங்கள்.

சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டினால், கேபினட் முன்பக்க ஃபேனில் தூசியைத் துடையுங்கள்.