தள்ளுபெட்டிப் புதிருக்கு நேர்மையான லெவல் அமைத்தல்: தொடக்கநிலையினருக்கு

தோற்றவர் "இது என் பிழை" என்று ஒப்புக்கொண்டு மறுபடி முயன்றால், புதிர் விளையாட்டின் அந்த நிலை, அதாவது லெவல், நேர்மையாக அமைந்திருக்கிறது. "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டால், பிழை அமைத்தவருடையது. இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்ள 1982 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த, பெட்டிகளை இலக்குகளுக்குத் தள்ளிச் சேர்க்கும் சொக்கோபான் என்ற புதிர் விளையாட்டைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ளலாம். விதிகள் அவ்வளவே.

கணினியைத் திறக்க முன்னர், கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது நிலை ஒற்றைப் பாதையாக இருக்கட்டும்: ஆள், பெட்டி, இலக்கு மூன்றும் ஒரே வரிசையில், இருபுறமும் சுவர். இங்கே தோற்கவே முடியாது. தள்ளலாம் என்பதை ஒரு சொல்லும் எழுதாமல் கற்பிப்பதே அதன் வேலை.

இரண்டாவது நிலையில்தான் விடயம் தொடங்குகிறது. சுவர் சூழ்ந்த, பக்கத்துக்கு நான்கு சதுரங்கள் கொண்ட அறையொன்றை வரையுங்கள். ஆளை மேல் இடது மூலையிலும், பெட்டியை மேலிருந்தும் இடமிருந்தும் இரண்டாவது சதுரத்திலும், இலக்கைக் கீழ் வலது மூலையிலும் வையுங்கள். வலப்பக்கம் இரண்டு, கீழ்ப்பக்கம் இரண்டு என நான்கு தள்ளல்களில் இது முடிந்துவிடும். ஆனால் ஒருவர் பெட்டியை ஒரே ஒரு தடவை இடப்பக்கம் தள்ளிவிட்டால், அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கச் சுவருக்குள் நின்று தள்ள வேண்டும் என்பதால், அந்தச் சுவரோரத்தில் இலக்கு எதுவும் இல்லாத நிலையில் ஆட்டம் அந்தக் கணமே தோற்றுவிட்டது. விளையாடுபவருக்கோ அது தெரியாது. பெரிய வரைபடமாக இருந்தால், செத்துப்போன ஆட்டத்தை அவர் பத்து நிமிடம் ஆடிக்கொண்டிருப்பார். ஆகவே இந்தப் பாடத்தைச் சிறிய அறையில், ஒற்றைப் பெட்டியோடு, பிழையும் அதன் விளைவும் ஒரே பார்வைக்குள் அடங்கும்படி கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து, கொப்பியில் உள்ளதைக் கணினிக்கு மாற்றுங்கள். ஸ்டீபன் லவெல் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட, புதிர் விளையாட்டுகளை உருவாக்கும் கருவியான பஸில்ஸ்கிரிப்ட் இலவசமானது, உலாவியிலேயே இயங்குவது. சதுரத்துக்கு ஓர் எழுத்து வீதம் தட்டினால் வரைபடம் உருவாகிவிடும். ஒரு நகர்வைப் பின்வாங்க இசட் விசையும், நிலையை மீளத் தொடங்க ஆர் விசையும் அதில் ஏற்கெனவே உள்ளன. பின்வாங்கும் வசதியைச் சலுகையாகக் கருதி நீக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் நாற்பது நகர்வுகளை மீண்டும் செய்ய வைப்பது பொறுமையைத்தான் சோதிக்கிறது, சிந்தனையை அல்ல.

தெளிவு என்பது படத்திலும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றை நான் விளையாட்டாக அமைத்தபோது, கிடுகுவேலியையும் தள்ளித் திறக்கும் படலையையும் ஒரே மண்ணிறத்தில், ஒரே பின்னலில் வரைந்திருந்தேன். ஊரில் உள்ளதும் அப்படித்தான். ஆனால் ஊரில் படலைக்கு முன்னால் நாய் நின்று காட்டிக்கொடுத்துவிடும். என் மருமகள் அந்தப் படலையைக் கவனிக்காமல் நான்கு தடவை கடந்து போனாள். பிறகு அதற்கு இரண்டு கப்புத் தூண்களும் அடியில் ஒரு வெளிச்சக் கீற்றும் வரைந்தேன். நிறத்தை மட்டும் மாற்றியிருந்தால் நிறவேறுபாடு தெரியாதவர்களுக்கும் வெயிலில் கைத்தொலைபேசி பார்ப்பவர்களுக்கும் பயன்பட்டிராது. வடிவமும் மாற வேண்டும்.

கடைசியாக, விளையாட்டை அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் அமர்ந்திருங்கள். இது மிகக் கடினமான படி. அவர் எந்தச் சதுரத்தில் தயங்குகிறார், எந்தச் சுவரை முட்டிப் பார்க்கிறார் என்பதைக் கொப்பியின் வரைபடத்திலேயே புள்ளியிட்டுக் குறியுங்கள். புள்ளிகள் புதிரின் முடிச்சைச் சுற்றிக் குவிந்தால் விட்டுவிடலாம். முடிச்சுக்குத் தொடர்பில்லாத வெறும் மூலையில் குவிந்தால், அந்த மூலையை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.