ஏரும் சுத்தியலும் பொறித்த செஞ்சேனை நட்சத்திரங்களைச் சேகரிக்கும் முறை

சோவியத் ரஷ்யாவின் படையான செஞ்சேனையின் தொடக்ககால நட்சத்திரச் சின்னங்களைச் சேகரிக்க முனைபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய ஆண்டுகள் இரண்டு: 1918, 1922. 1918-இல் ஏற்கப்பட்ட சிவப்பு நட்சத்திரத்தின் நடுவில் உழவரைக் குறிக்கும் ஏரும் தொழிலாளரைக் குறிக்கும் சுத்தியலும் இருந்தன. 1922 ஏப்ரலில் வந்த ஆணை ஏரை நீக்கி அரிவாளைச் சேர்த்தது. அவ்வாண்டு ஜூலையில், அதுவரை வெளிப்புறமாகப் புடைத்திருந்த விளிம்புகளும் நேராக்கப்பட்டன. இவை வடிவத்தின் காலத்தைத்தான் சொல்லும். கையிலுள்ள பொருள் எப்போது செய்யப்பட்டது என்பதற்கு உலோகத்தையும் வேலைப்பாட்டையும்தான் கேட்க வேண்டும்.

ரஷ்ய உள்நாட்டுப் போர்க்காலத்தில் இச்சின்னங்கள் ஒரே ஆலையிலிருந்து வரவில்லை. ஜார் ஆட்சியில் படைப்பிரிவுச் சின்னங்களைச் செய்து பழகிய பட்டறைகளும், ஆர்டெல் எனப்பட்ட கைவினைஞர் கூட்டுறவுகளும் தத்தம் அச்சுகளில் அடித்துத் தந்தன. அதனால்தான் ஏரின் கைப்பிடி ஒன்றில் மெலிந்தும் இன்னொன்றில் தடித்தும் காணப்படுகிறது. பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரே இல்லை என்பதால், பெயரைத் தேடுவதைவிட அச்சைத் தேடுவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு சின்னத்தின் இருபுறத்தையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, அகலத்தையும் எடையையும் குறித்து, ஏரின் வளைவு, சுத்தியலின் சாய்வு, விளிம்புப் பட்டையின் தடிமன் ஆகியவற்றை ஒப்பிட்டு வந்தால், ஒரே அச்சில் பிறந்தவை தாமாகவே ஒன்றுசேரும். பின்புறத் திருகாணியில் பட்டறைப் பெயர் இருந்தாலும் அதை மட்டும் நம்பலாகாது. திருகாணி எளிதில் மாற்றக்கூடியது.

வாங்குமுன் பின்புறத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் நிதானமாகப் பாருங்கள். மெல்லிய பித்தளைத் தகட்டில் அடித்த சின்னத்தில் முன்புற உருவம் பின்னால் குழிவாகத் தெரியும். அசலிலிருந்து வார்த்தெடுத்த போலியிலோ ஊசித்துளைகளும், கூர்மை மழுங்கிய கோடுகளும், அசலைவிடச் சற்றுக் குறைந்த அளவும் காணப்படும். சிவப்புப் பூச்சையும் சோதிக்க வேண்டும். உண்மையான எனாமல் சூளையில் உருகிப் படிந்த கண்ணாடி. உடைந்த இடத்தில் சிப்பியின் உட்புறம்போல் வழவழப்பான வளைவு தெரியும். பிசின் பூச்சு அவ்வாறு உடையாது, ஊசிமுனைக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆனால் விற்பவரின் அனுமதியின்றி ஊசியை எடுக்க வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்திருப்பது அவசியம். ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. தொப்பி நட்சத்திரம் விருதல்ல; ‘செங்கொடி ஆணை’ (Order of the Red Banner) எனும் அரசு விருதின் சின்னம் விருதாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கான விதிகளையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியபின் பாலிஷ் போட வேண்டாம். கருமை படிந்த பித்தளையும் அதன் வரலாறே. மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் உலோகத்தில் பச்சைக் களிம்பை ஏற்படுத்தும் என்பதால், அமிலமற்ற தாளில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி அறைகளில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.