குதசாய் சேர்த்தால் மட்டும் போதுமா? ஜப்பானிய மொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய மொழியில் ஒருவரை ஏதாவது செய்யச் சொல்ல, ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு சூத்திரம் வந்துவிடும்: வினையை ‘தெ’ வடிவத்துக்கு மாற்று, பின்னால் ‘குதசாய்’ சேர். ‘மத்தெ குதசாய்’ என்றால் ‘காத்திருங்கள்’. எழுதிப் பார், வந்து போ என்று எச்சத்தோடு இன்னொரு வினையைக் கோத்துப் பேசும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். அந்தத் தைரியத்தில் பலர் ஒலியில் கோட்டை விடுகிறார்கள்.

ஜப்பானிய வினைகள் வடிவம் மாறும் விதத்தை வைத்து வகைகளாகப் பிரியும். ‘கிரு’ என்று இரண்டு வினைகள் உண்டு. வெட்டுவதற்கான கிரு முதல் வகை, அது ‘கித்தெ’ ஆகும். உடுத்துவதற்கான கிரு இரண்டாம் வகை, ‘ரு’ உதிர்ந்து ‘கிதெ’ ஆகும். ‘வா’ என்பதற்கான குருவும் ‘கிதெ’தான். ‘கேள்’ என்பதற்கான கிகு, ‘கீதெ’. முடிதிருத்தும் கடையில் அழுத்தத்தை விழுங்கி ‘கிதெ குதசாய்’ என்றால், கடைக்காரரை ‘வாங்க’ என்று அழைத்ததாகிவிடும். போதாக்குறைக்கு, சொல்லின் நடுவே வரும் ஒற்றைத் தகரத்தை ‘அது’ என்பதில் போல மென்மையாக்குவது நம் நாக்கின் வழக்கம். இந்த ‘தெ’யைத் ‘தண்ணீர்’ என்பதன் முதலெழுத்தைப் போல வன்மையாகத்தான் சொல்ல வேண்டும்.

‘எரு’, ‘இரு’ என்று முடிகிற வினையெல்லாம் இரண்டாம் வகை என்றும் நம்பிவிடாதீர்கள். வீடு திரும்புவதற்கான ‘கயெரு’ முதல் வகை: ‘கயெத்தெ’. அப்புறம், ‘போ’ என்பதற்கான இகு விதிவிலக்கு: ‘இத்தெ’. எதிர்மறைக்கு ‘நகுதெ’ சேர்ப்பதும் தவறு, ‘நைதெ குதசாய்’ என்றே வரும். இங்கே தகரம் மென்மை.

இவையெல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும். மரியாதை விஷயம்தான் சிக்கல். குதசாய் நம் ‘-ங்கள்’ மாதிரி: பணிவான சொல்தான், ஆனாலும் ஏவல். விருந்தாளியிடம் ‘தபெதெ குதசாய்’, சாப்பிடுங்கள், என்றால் உபசரிப்பு, ஏனென்றால் பலன் அவருக்கு. பலன் நமக்கு என்றால் கதை வேறு. மேலதிகாரியிடம் ‘மிதெ குதசாய்’ என்று அறிக்கையை நீட்டினால் வேலை ஏவுவது போல இருக்கும். ‘மிதெ இததகெமசென் கா’, அதாவது ‘பார்த்துத் தர முடியுமா’ என்கிற தொனி, அங்கே பொருந்தும். கொஞ்சம் பழகியவரிடம் ‘மிதெ மொரயெமஸ் கா’ போதும். இதில் ‘யெ’ தவறி ‘மொரயிமஸ் கா’ ஆனால் வேண்டுகோளே காணாமல் போய், ‘நீங்கள் யாரிடமாவது பார்க்கச் சொல்லி வாங்கிக்கொள்வீர்களா’ என்பது போன்ற குழப்பம்தான் மிஞ்சும்.

‘நசாய்’ விகுதி காதுக்குக் கனிவாகக் கேட்கும். அது அம்மா பிள்ளையிடமும் ஆசிரியர் மாணவரிடமும் சொல்வது. சக ஊழியரிடம் ‘தபெனசாய்’ வேண்டாம்.

உதவ முன்வரும்போது தமிழர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ‘செய்து தருகிறேன்’ என்பது நம்மிடம் நல்ல பேச்சு. அதையே ‘தெத்சுதத்தெ அகெமஸ்’ என்று மூத்தவரிடம் சொன்னால், ஏதோ தயவு காட்டுகிறோம் என்ற வாடை அடிக்கும். ‘தெத்சுதயிமஷோ கா’, உதவட்டுமா, என்று கேளுங்கள்.